மெழுகுவர்த்தி எரிந்த உயரம்

தேனியில் கால் வைத்ததும் எனக்கு வேண்டியிருந்தது காப்பி அல்ல, ஐஸ். மலேசியாவின் ஈப்போவிலிருந்து தோளில் மாட்டிக்கொண்டு வந்த வெள்ளைப் பெட்டிக்குள் குளிர் குறைந்துகொண்டே இருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த ஜூஸ் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உள்ள என்னக்கா, கண்ணா, கிட்னியா?”

“என்சைம்” என்றேன்.

“அது யாருக்கு வைக்கப் போறாக?”

யாருக்கும் இல்லை, ஒரு கரித்தகட்டுக்கு என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவர் ஐஸை உடைத்து நிரப்பிவிட்டு, ஒரு சாத்துக்குடி ஜூஸையும் கையில் திணித்தார். ஓர் உயிரைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். நானும் திருத்தவில்லை. ஜூஸ் நன்றாக இருந்தது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் தகடு பூசுகிறேன். நுண்ணுயிர்களிடமிருந்து பிரித்தெடுத்த ஓர் என்சைமைக் கரித்தகட்டின்மேல் பூசி, அதைத் தண்ணீரில் நிறுத்தி, டார்ச் விளக்குக்கு வேண்டிய அளவு மின்சாரம் கொடுத்து, கரியமில வாயுவை உள்ளே விட்டால், அந்த வாயு ஃபார்மிக் அமிலத்தின் உப்பாக மாறும். கொதிக்க வைக்க வேண்டாம், அழுத்த வேண்டாம். என்சைமுக்கு வெயில் மட்டும் ஆகாது, பிராணவாயு மட்டும் ஆகாது. மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபார்மிக் அமிலம் எங்களுக்குப் புதிதில்லை. கித்தா மரத்துப் பாலை, அதாவது இங்கே ரப்பர் பால் என்று சொல்வதை, உறைய வைக்க எங்கள் தோட்டங்களில் ஊற்றியது அதுதான். அம்மாவின் விரல் நுனிகள் அதில் வெந்து வெளுத்துப் போயிருக்கும். பெட்ரோலியத் தொழிற்சாலையிலிருந்து டின்னில் வந்ததை அம்மா ஊற்றினார். நான் அதைக் காற்றிலிருந்து எடுக்கப் பார்க்கிறேன்.

ஆய்வகத்துச் சிலிண்டர் வாயுவில் எல்லாமே ஒழுங்காக நடக்கும். வெளியே நடக்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் திராட்சைத் தோட்டம் வைத்து, சர்ச்சுகளின் பூசைக்குத் திராட்சை ரசம், அதாவது ஒயின், தயாரிக்கும் மிக்கேல் என்பவர், தன்னுடைய தொட்டிகளிலிருந்து வரும் வாயு எதற்காவது ஆகுமா என்று எங்கள் பேராசிரியரைக் கேட்டிருந்தார். திராட்சை புளிக்கும்போது வருவது ஏறக்குறையச் சுத்தமான கரியமில வாயு. பேராசிரியர் என்னை அனுப்பினார். தமிழ் தெரியும் என்பதுதான் என் பெரிய தகுதி.

மிக்கேல் அனுப்பிய கார் பழனிசெட்டிபட்டியைத் தாண்டியதும் புகை விட்டுப் படுத்துவிட்டது. ஓட்டுநர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வருவோர் போவோரிடமெல்லாம் ஆலோசனை கேட்டார். என் பெட்டி வெயிலில் இருந்தது. எதிரே கேரளத்தில் காய்கறி இறக்கிவிட்டுத் தேனிக்குப் போன மினி லாரி ஒன்று நின்றது. விஷயத்தைக் கேட்டதும் அதன் ஓட்டுநர் பாண்டி, போன வேலையை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். எங்கள் ஊரில் இப்படி ஒருவர் காடியை, வண்டியைத்தான் சொல்கிறேன், திருப்பினால் நான் போலீசைக் கூப்பிட்டிருப்பேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் மலை கூடவே வந்தது. ஈப்போவில் மழை சொல்லாமல் கொள்ளாமல் வரும். இங்கே மலைமேல் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே கேரளத்துக்குப் போய்விடுகிறது.

“அந்தோணி அண்ணன் ரூமுக்கா போறீக?” என்றார் பாண்டி.

மிக்கேல் வீட்டுக்கு என்றேன்.

“அதான். மிக்கேல் அண்ணனோட தம்பிதான் அந்தோணி. தொட்டிக்குள்ள சக்கை அள்ள இறங்குனவரு, ஏறல. விஷவாயுன்னாக. ரெண்டு வருசமா அந்தத் தொட்டி ரூமு பூட்டித்தான் கெடக்கு. நீங்க வாறீகன்னுதான் தெறந்துருக்காக.”

இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மடியில் இருந்த பெட்டி திடீரென்று கனத்தது.

மிக்கேல் வீட்டில் மொச்சைக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். நான் நன்றாகச் சாப்பிடுகிறவள், அன்றும் சாப்பிட்டேன். பரிமாறியது அந்தோணியின் மனைவி லூர்து. நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசவில்லை. நான் கை கழுவப் பின்பக்கம் போனபோது சொம்போடு வந்து நின்றார்.

“அக்கா, அது எப்படி இருக்கும்?”

“எது?”

“அவுகளக் கொன்னது. டாக்டரு விஷவாயுன்னாக. போலீசு விஷவாயுன்னு எழுதுனாக. சாமியாரும் பூசையில அதையேதான் சொன்னாக. ஒருத்தரும் கண்ணுல காட்டல. பாம்பு கடிச்சிருந்தா அந்தப் பாம்பையாவது அடிச்சுப் போட்டுக் காட்டிருப்பாக.”

அதற்கு நிறமில்லை, காட்ட முடியாது என்றேன். சொல்லும்போதே அது பதிலாகாது என்று எனக்குத் தெரிந்தது.

“இந்த ஒரு தடவைக்குத்தான் ரூமத் தெறக்கச் சம்மதிச்சேன். ஒங்க மிஷினு சரிப்படலன்னா இடிச்சுத் தள்ளிரணும்னு மிக்கேல் அத்தான்ட்டச் சொல்லிட்டேன். பாதிப் பங்கு எனக்கும் இருக்கு.”

ரசத்தை விட்டால் அந்தக் குடும்பத்துக்கு வெறும் திராட்சை விற்பனைதான். அதில் இரண்டு வீடு ஓடாது என்று மிக்கேல் முன்பே சொல்லியிருந்தார். அறை நிற்குமா விழுமா என்பது என் தகடுகளின் கையில் இருப்பது போல அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அறையைப் பார்த்தேன். ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். தரைக்குள் இறக்கிக் கட்டிய இரண்டு சிமெண்டுத் தொட்டிகள். ஒன்றில் மூன்று நாள்களுக்கு முன்பே பன்னீர் திராட்சையை மிதித்துவிட்டிருந்தார்கள், மூடியின் அடியில் அது பொருபொருவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கதவை ஒட்டியிருந்த பக்கத்துத் தொட்டி காலி. கதவுக்கு எதிர்ச் சுவரில், என் தலைக்கு மேலே, மாடத்தில் மாதா சுரூபம். அதன்முன் மெழுகு வழிந்து வழிந்து பாறை மாதிரி ஆகியிருந்தது.

மூடியிலிருந்து குழாய் எடுத்து வெளியே கொட்டகையில் என் கருவியோடு இணைத்தேன். கம்பத்து மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை நம்பாமல், பம்புசெட்டுக்குப் போட்டிருந்த சூரியத் தகட்டிலிருந்து பேட்டரி வழியாக எடுத்தோம். நடுப்பகலில் ஐஸ் தீர்ந்தபோது, தோட்டத்து வேலையாள் செல்வம் ஐஸ்கிரீம் வண்டிக்காரரையே வண்டியோடு கூட்டி வந்துவிட்டார். என்சைம் பிழைத்தது. ஐஸ்கிரீமை வீட்டோடு எல்லோரும் சாப்பிட்டோம். மாலையில் தகடுகளின் மேல் ஓடும் மின்னோட்டத்தைப் பார்த்தேன். ஆய்வகத்தில் வருவதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் நிலையாக இருந்தது. ஒரு திராட்சைத் தொட்டியின் மூச்சை நான் அமிலமாக்கிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது.

அதற்கடுத்த காலை, பணியாரத்தில் பசியாறிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். அறையின் கதவருகே குழாய் லேசாக மடிந்திருந்தது. அதை நிமிர்த்தக் குந்தியபோது, இடுப்பில் தொங்கிய வாயு மீட்டர் கத்தியது. எழுந்து நின்றேன், கத்தல் குறைந்தது. மீண்டும் குந்தினேன், மீண்டும் கத்தியது. அப்போதுதான் உள்ளே பார்த்தேன். செல்வம் துடைப்பத்தோடு காலித் தொட்டியின் ஏணியில் ஒரு காலை வைத்திருந்தார்.

“செல்வம் அண்ணே, இறங்காதீங்க! வெளிய வாங்க!”

என் காதே அடைக்கும் அளவு கத்தினேன் போல. அவர் பயந்து வெளியே ஓடி வந்தார். வந்தபின் சிரித்தார்.

“என்னக்கா இப்பிடி? மாதா முன்னாடி மெழுகுவத்தி எரியுதுல்ல. போதாததுக்கு ஒங்க மிஷினும் ஓடுது.”

மாடத்தில் மெழுகுவர்த்தி ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். இந்தப் பக்கம் கிணற்றில் தூர் வார இறங்குகிறவர்கள், முதலில் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவார்கள். விளக்கு எரிந்தால் இறங்கலாம், அணைந்தால் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். மிக்கேல் குடும்பத்திலும் தெரியும். வேலை தொடங்கும்முன் மாதாவுக்கு மெழுகுவர்த்தி பொருத்துவது அவர்கள் வழக்கம். காலப்போக்கில் அந்த மெழுகுவர்த்தியே விளக்காகவும் ஆகிவிட்டது. எரிகிறது, காற்று நல்ல காற்று, இறங்கு. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. அது தரையிலும் குழியிலும்தான் தேங்கும். மாடம் தலைக்கு மேலே இருந்தது.

சத்தம் கேட்டு லூர்துவும் மிக்கேலும் வந்துவிட்டார்கள். கதவையெல்லாம் திறந்து வைத்தோம். பந்தல் கம்பி ஒன்றை வாங்கி, அதன் நுனியில் ஒரு மெழுகுவர்த்தியைக் கட்டி, வாசலில் நின்றபடி உள்ளே நீட்டினேன். நெஞ்சு உயரத்தில் எரிந்தது. இடுப்பு உயரத்தில் எரிந்தது. முழங்காலுக்கு வந்தபோது சுடர் இளைத்தது. காலித் தொட்டியின் விளிம்புக்குக் கீழே போனதும், விரலால் நசுக்கியது போல அணைந்தது.

திரியிலிருந்து வந்த புகை மேலே எழவில்லை. தொட்டியின் வாய்க்குள் பரந்து, தண்ணீர்மேல் படர்வது போல மெதுவாகப் படுத்து நகர்ந்தது. அடியில் எதுவோ நிறைந்து கிடப்பதும், அதற்கொரு மேல்மட்டம் இருப்பதும் அப்படியே தெரிந்தன.

“இதானா?” என்றார் லூர்து.

“இதுதான்.”

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்.

“அன்னைக்கும் எரிஞ்சுச்சுக்கா. நாந்தான் பொருத்தி வச்சேன். ‘எரியுதுங்க, எறங்குங்க’ன்னு நாந்தான் சொன்னேன்.”

செல்வம் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வருடமாக இந்தப் பெண் யாரிடமும் இதைச் சொல்லாமல் எல்லோருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து லூர்து மிக்கேல் பக்கம் திரும்பினார்.

“மிஷினு அம்புட்டையும் குடிச்சிரும்னீகளே அத்தான்? அப்பறம் இதெங்கிட்டிருந்து வந்துச்சு?”

மிக்கேல் என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை. மூடி சரியாகப் பொருந்தவில்லை, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னால் போதும். அறை நிற்கும், என் சோதனையும் நடக்கும். மூடி பொருந்தாததும் உண்மைதான். ஜூஸ் கடைக்காரரிடம் சும்மா இருந்தது போல இங்கேயும் இருந்துவிட முடியாது. செல்வத்தின் கால் ஏணியில் இருந்ததைப் பார்த்தவள் நான்.

“இல்லைங்க லூர்து. என் மெஷின் நாள் முழுக்கக் குடிச்சாலும், இந்தத் தொட்டி விடுற வாயுவில் ஒரு கைப்பிடிதான் எடுக்கும். மிச்சமெல்லாம் இந்த ரூமில்தான் இருக்கும். இது ஆளைக் காப்பாத்துற மெஷின் இல்லை. இன்னும் அவ்வளவு பெரிசா யாரும் செய்யலை.”

“நான் பொய் சொல்லணும்னு சொல்லல தாயி” என்றார் மிக்கேல் லூர்துவிடம். “ஒம் மனசு ஆறட்டும்னுதான்.”

“அந்தச் செல்வண்ணன் எறங்கிருந்தா அவுக வீட்டுல யாரு மனசு ஆறும்?” என்று கேட்டுவிட்டு லூர்து போய்விட்டார்.

மிக்கேல்மேல் எனக்குக் கோபம். என் பேராசிரியர்மேலும் கோபம். மேடையில் ‘வாயுவை விழுங்கும் கருவி’ என்று பேசுகிற வழக்கம் அவருடையது. மிக்கேல் கேட்டதைத்தானே நம்பினார், நம்பியதைத்தானே சொன்னார். அன்று மதியம் சாப்பாட்டை மிக்கேலின் மனைவி போட்டார். லூர்துவின் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

மறுநாள் காலை கடப்பாரைச் சத்தம். போச்சு, அறையை இடிக்கிறார்கள் என்று குழாயைக் கழற்ற ஓடினேன். செல்வமும் மிக்கேலும் பின்சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். லூர்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“இடிக்கணும்னு சொன்னேன்ல, இடிக்கிறோம். கீழ மட்டும்” என்றார். “தரையோட தரையா ஓட்டை போட்டு பேனு வைக்கணும். அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு. காத்து கீழதான கெடக்கு?”

“அங்கதான் கிடக்கு” என்றேன். “விசிறி வைக்கிற பக்கம் வெளியில் பள்ளமோ ஆள் நடமாட்டமோ இருக்கக் கூடாது.”

“அந்தப் பக்கம் ஓடை சரிவா எறங்குது. நான் பாத்துட்டேன்.”

விசிறிகள் தேனியிலிருந்து வந்தன. மூடிக்குப் புதிய ரப்பர் வளையமும் வந்தது. நான் என் கொட்டகைக்குத் திரும்பினேன். என் வேலை சின்ன வேலைதான் என்று ஊரறியச் சொன்னபிறகு, அதைச் செய்வது ஏனோ லேசாக இருந்தது. தகடுகள் மெல்லச் சோர்ந்துகொண்டுதான் வந்தன, என்சைமுக்கு ஆயுசு அவ்வளவுதான். ஆனாலும் உப்புக்கரைசல் சேர்ந்தது. அதை, உப்பிலிருந்து அமிலத்தைப் பிரிக்கும் ரெசின் மணிகள் நிரப்பிய குழாய் வழியாக வடித்து அமிலமாக்கினேன். வேறெந்த அமிலத்தையும் கிட்டே விடவில்லை. கடைசியில் ஒரு சிறிய மருந்துப் புட்டி அளவு கிடைத்தது. மூடியைத் திறந்தால் மூக்கில் குத்தியது. அம்மாவின் கை வாசனை.

பாண்டியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும்போது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேன் ரப்பர் பால் கொண்டுவந்தார். “இதுக்குன்னே நாலு எடத்துல நிப்பாட்டிக் கேட்டேன்க்கா. ‘எந்தினா?’, எதுக்குன்னு கேட்டாக. தேனிக்கு மலேசியாலருந்து ஒரு அக்கா வந்துருக்காக, தயிரு உறை ஊத்தப் போறாகன்னு சொல்லிட்டேன்.”

லூர்துவைக் கூப்பிட்டேன். ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றித் தண்ணீர் கலந்து, புட்டியில் இருந்ததைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறினேன். சும்மா இருந்த பால் கரண்டியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கட்டியாகத் திரண்டது. கழுவி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை அழுத்திப் பார்த்தார். குளிர்ச்சியாக, மெத்தென்று, உள்ளங்கையில் அடங்கியது.

“அந்தக் காத்துதான் இதப் பண்ணுச்சா?”

“ஆமா. மின்சாரமும் என்சைமும் சேர்ந்து அதை அமிலமாக்கிச்சு. அந்த அமிலம்தான் இதை உறைய வச்சுச்சு.”

“அன்னைக்கு உள்ள கெடந்ததும் இந்தக் காத்துதான?”

“இதே காத்துதான். அன்னைக்கு இருந்தது கதவைத் திறந்ததுமே வெளியே போயிருக்கும். வெளியில் நிக்கிற கொடியெல்லாம் இந்தக் காத்தைத்தான் குடிக்குது. குடிச்சுத்தான் பழத்தில் சர்க்கரை வைக்குது.”

அவர் தோட்டத்தைப் பார்த்தார். “அப்ப அவுக கடைசி மூச்சும் அங்கன போயிருக்குமா?”

இல்லை என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆம் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. “போயிருக்கலாம். எனக்குத் தெரியாது லூர்து” என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கட்டியைக் கீழே வைக்கவும் இல்லை. அழுதார். சத்தமாக, வீட்டுக்கே கேட்கும்படி அழுதார். மிக்கேலின் மனைவி ஓடி வந்து கட்டிக்கொண்டார்.

நான் கிளம்பும் காலையில் என் மீட்டரை அங்கேயே விட்டுவிட்டேன். மெழுகுவர்த்தி அணைவதற்கு முன்பே மனிதனுக்கு ஆபத்து வந்துவிடும், அதனால் நம்ப வேண்டியது மீட்டரைத்தான் என்று பல தடவை சொன்னேன். லூர்து தலையாட்டினார். கதவோரத்தில், முழங்கால் உயரத்தில் ஆணி அடித்து அதை மாட்டினார். ஆனாலும் மெழுகுவர்த்தியை விடுகிற எண்ணம் அவருக்கு இல்லை.

பாண்டியின் லாரி வாசலில் நின்றது. காலிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியாக ஒருமுறை அறைப் பக்கம் போனேன். விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. செல்வம் துடைப்பத்தோடு வாசலுக்கு வெளியே காத்திருந்தார். மாடத்தில் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. இன்னொன்றைப் பந்தல் கம்பியில் கட்டி, லூர்து வாசலில் முழந்தாளிட்டுக் காலித் தொட்டிக்குள் இறக்கினார். நெஞ்சு உயரம், இடுப்பு உயரம், விளிம்பு, அதற்கும் கீழே. அடித்தளத்தைத் தொடும்வரை விட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

ஆணியிலிருந்த மீட்டரையும் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கினார், அது கத்தவில்லை.

“எரியுது” என்றார் லூர்து. “எறங்குங்கண்ணே.”